ஏஜென்ட்டுக்கு ஆரப்பாளையம் தெரியுமா?

மதுரையில் இருந்து தேனிக்குப் போக வேண்டும் என்றால் ஆரப்பாளையம் பஸ் நிலையத்துக்குப் போக வேண்டும். திருநெல்வேலி, ராமேஸ்வரம் என்றால் மாட்டுத்தாவணி. டவுன் பஸ்ஸுக்குப் பெரியார் நிலையம். ஊர்க்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் பஸ் விசாரணைக்கு ஒரு ஏஐ ஏஜென்ட் (கேள்வியைப் புரிந்துகொண்டு, தேவையான கருவிகளைப் பயன்படுத்திப் பதில் தேடித் தரும் புரோகிராம்) செய்தால், அதற்கு இதை யார் சொல்வது?

சாட்ஜிபிடி, கிளாட் போன்றவற்றின் உள்ளே இருக்கும் மொழி மாடல் எழுத்தைப் படித்து எழுத்தைத் தருவது. பஸ் அட்டவணையை அது தானாகப் போய்த் திறந்து பார்க்காது. அதற்காகக் கருவிகளை இணைக்கிறோம். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்னென்ன உள்ளீடு வேண்டும் என்ற பட்டியல் உண்டு. பயணியின் கேள்வியோடு இவையும் மாடலுக்குப் போகும். அதைப் படித்துவிட்டு, இந்தக் கருவியை இந்த விவரங்களோடு ஓட்டு என்று மாடல் எழுதிக் கொடுக்கும். வெளியே இருக்கும் புரோகிராம் அதை ஓட்டி, கிடைத்த பதிலை மாடலிடம் திருப்பித் தரும். சாட்ஜிபிடியைச் செய்யும் ஓப்பன்ஏஐ, தன் ஏபிஐயில் (மற்ற புரோகிராம்கள் மாடலைப் பயன்படுத்தும் வழியில்) இந்த வசதியை 2023 ஜூனில் கொண்டுவந்தது. கிளாடைச் செய்யும் ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி நெறிமுறையிலும் (மாடலோடு கருவிகளை இணைப்பதற்கான பொது விதிமுறை) கருவி என்றால் அடிப்படையில் பெயர், விளக்கம், உள்ளீடு என்ற இந்த மூன்றுதான்.

கருவிக்குள் இருக்கும் புரோகிராம் கோடு (code) பொதுவாக மாடலின் கண்ணில் படுவதே இல்லை. விளக்கத்தில் எழுதாத எதையும் அது ஊகிக்கத்தான் வேண்டும். ஏஜென்ட் தப்பாகப் பதில் சொன்னதும் மாடலைக் குறை சொல்கிறோம். பல நேரம் பிழை நாம் எழுதிய அந்த இரண்டு வரி விளக்கத்தில்தான் இருக்கிறது.

'பஸ் விவரம் தரும்' என்று எழுதினால் போதுமா? நேரமா, கட்டணமா, இப்போது பஸ் எங்கே வருகிறது என்பதா? நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "மதுரையில் இருந்து வெளியூர் செல்லும் பஸ்களின் அட்டவணை நேரத்தைத் தரும். பஸ் இப்போது எங்கே இருக்கிறது என்பது இதில் கிடைக்காது. டவுன் பஸ்ஸுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம். அதற்கு டவுன் பஸ் கருவி இருக்கிறது." எதற்குப் பயன்படாது என்று சொல்வது மிக முக்கியம். ஒன்றைப் போல ஒன்று இருக்கும் இரண்டு கருவிகளுக்கு நடுவேதான் மாடல் அதிகம் தடுமாறும்.

அடுத்தது உள்ளீடுகள். 'நிலையம்' என்ற இடத்தைத் திறந்து விட்டால் மாடல் 'மதுரை' என்று நிரப்பிவிடும். எந்த நிலையம் என்று கருவிக்குப் புரியாது. அதனால் அங்கே வரக்கூடிய பெயர்களை மட்டும் பட்டியலிட்டு, மாட்டுத்தாவணியை எம்.ஜி.ஆர். பஸ் ஸ்டாண்ட் என்றும் சொல்வார்கள் என்று பக்கத்தில் எழுத வேண்டும். நேரத்திலும் இதே சிக்கல். 'ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 12 மணி பஸ்' என்று ஒருவர் கேட்டால், அது சனி முடிந்து ஞாயிறு பிறக்கும் நேரமா, ஞாயிறு முடியும் நேரமா? தேதியும் 24 மணிக் கணக்கில் நேரமும் தேவை என்றும், சந்தேகம் இருந்தால் பயணியிடம் கேட்டுக்கொள் என்றும் எழுதிவிடலாம். இன்று என்ன தேதி என்பதையும் நாம்தான் மாடலுக்குத் தர வேண்டும்.

கருவி திருப்பித் தரும் பதிலும் மாடல் படிக்கும் எழுத்துதான். இதைப் பலர் யோசிப்பதில்லை. மாட்டுத்தாவணியில் தேனி பஸ்ஸைத் தேடியதும் வெறும் காலிப் பட்டியல் வந்தால், 'இன்று தேனிக்கு பஸ் இல்லை' என்று ஏஜென்ட் சொல்லிவிடக்கூடும். "தேனி பஸ்கள் ஆரப்பாளையத்தில் இருந்து கிளம்பும், அந்த நிலையத்தில் தேடவும்" என்று வந்தால் அது தானே சரியாகத் தேடிக்கொள்ளும். பையும் குழந்தையுமாக நிற்கும் ஒருவருக்கு இது பெரிய வித்தியாசம்.

அதற்காகப் பக்கம் பக்கமாக எழுதவும் கூடாது. விளக்கங்கள் எல்லாம் மாடலின் படிக்கும் இடத்தை அடைத்துக்கொள்ளும். பல மாடல்களில் தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன் (மாடல் எழுத்தைப் பிரித்துப் படிக்கும் சிறு துண்டு) எடுக்கும். இருந்தாலும் ஊர்ப் பெயர்களை மக்கள் சொல்கிறபடி தமிழிலும் தருவது அந்தச் செலவுக்குத் தகும் என்பது என் கருத்து.

எழுதி முடித்ததும் பயணிகள் நிஜமாகக் கேட்கும் கேள்விகளைக் கொடுத்து, ஏஜென்ட் எந்தக் கருவியை என்ன விவரங்களோடு கூப்பிட்டது என்று படித்துப் பார்க்க வேண்டும். தப்பான இடத்தில் விளக்கத்தைத் திருத்தலாம். சில கேள்விகளை மட்டும் திருத்தும்போது தொடாமல் தனியாக வைத்திருந்து, கடைசியில் கொடுங்கள். அதில் ஏஜென்ட் தடுக்கினால், விளக்கம் பழைய கேள்விகளுக்கு மட்டுமே பொருந்துகிறது என்று தெரிந்துவிடும்.