கலர் லைன் = நிறக்கோடு

பழைய குத்துச்சண்டை கதைய படிச்சா கலர் லைன்னு ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வரும். ரிங்குக்குள்ள போடுற கோடு இல்ல. ஒரு வெள்ளைக்கார சாம்பியன் "கறுப்பினத்தவரோட மோத மாட்டேன்"னு சொன்னா, அவர் கலர் லைன் போட்டுட்டார்னு அர்த்தம்.

வார்த்தை பாக்ஸிங்ல பொறந்தது இல்ல. அமெரிக்காவுல அடிமைமுறை ஒழிஞ்சப்புறமும் ரயிலு, ஸ்கூலு, ஓட்டலுன்னு ஆளுங்கள பிரிச்சு வச்சாங்கல்ல, அதுக்கான பேச்சு. 1881லயே கறுப்பினத் தலைவர் பிரடெரிக் டக்ளஸ் இதே தலைப்புல கட்டுரை எழுதிட்டாரு.

ரிங்குல இது என்ன பண்ணுச்சுன்னு கறுப்பின வீரர் பீட்டர் ஜாக்சன வச்சுப் பாருங்க. ஹெவிவெயிட் சாம்பியன் ஜான் சல்லிவன் அவரோட மோதவே மாட்டேன்னுட்டாரு, 1891ல ஜேம்ஸ் கார்பெட்டோட 61 ரவுண்டு நின்னாரு ஜாக்சன், யாரு ஜெயிச்சான்னு முடிவே சொல்லாம நிறுத்திட்டாங்க, அடுத்த வருஷம் சல்லிவன அடிச்சு கார்பெட் சாம்பியன் ஆயிட்டாரு, ஜாக்சனுக்கு கடைசிவரைக்கும் பட்டத்துக்கு ஒரு சண்டை கூட கிடைக்கல. எனக்கு இன்னிக்கும் மனசு ஆறல.

கறுப்பின வீரர் ஜாக் ஜான்சன், அப்போ சாம்பியனா இருந்த வெள்ளைக்காரர் டாமி பர்ன்ஸ விடாம துரத்தி 1908ல சிட்னியில போய்த்தான் ஜெயிச்சாரு. 1910ல அமெரிக்காவுல ரீனோவுல பழைய வெள்ளைக்கார சாம்பியன் ஜெஃப்ரீஸையும் அடிச்சப்ப பல ஊர்ல கலவரம், கறுப்பின மக்கள் செத்தாங்க. 1915ல ஜான்சன் தோத்தப்புறம் 1937ல ஜோ லூயிஸ் வர்ற வரைக்கும் எந்தக் கறுப்பின வீரருக்கும் ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோத சான்ஸே தரல, ஹாரி வில்ஸ் வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டே இருந்தாரு.

தமிழ்ல இத நிறவெறின்னு எழுதுறாங்க, எனக்கு சரியாப் படல. வெறி மனசுல இருக்கறது. இது சண்டைக்கு ஒப்பந்தம் போடுற இடத்துல இருந்தது, டிக்கெட் வசூலும் சேர்ந்தது. ஜான்சனே சாம்பியன் ஆனப்புறம் இன்னொரு கறுப்பின வீரர் சாம் லாங்ஃபோர்டுக்கு பட்டச் சண்டை தரல, அத நிறவெறின்னு எப்படிச் சொல்றது? நிறக்கோடுதான் பொருந்தும். தஞ்சாவூர், மன்னார்குடி பக்கம் ஊர்த்தெரு டீம் தனி, காலனி டீம் தனின்னு கபடி பாத்து வளந்தவங்களுக்கு இந்தக் கோட்ட தனியா விளக்க வேண்டியதில்ல, அந்தத் தெருப் பசங்களோட ஆட மாட்டோம்னு ஒரு வார்த்தையில முடிச்சுருவாங்க.

எழுதும்போது கிழிக்கிறதுங்கற வினையோட சேத்து எழுதுங்க. "அப்போது நிறக்கோடு நிலவியது"ன்னு எழுதினா தானா வந்தது மாதிரி ஆயிடும், "சல்லிவன் நிறக்கோடு கிழித்தார்"னு எழுதினா கிழிச்ச ஆளு பேரும் கூடவே நிக்கும்.