ஸ்பாலிங்: தமிழ்ல என்னன்னு சொல்றது?

பழைய மாடி கார் பார்க்கிங்ல கீழ நின்னு மேல பாத்தா, சீலிங்ல அங்கங்க கான்கிரீட் பொளந்து விழுந்து துருப்பிடிச்ச கம்பி தெரியும்ல, அதுக்கு எஞ்சினியருங்க வச்சிருக்கிற பேரு தான் ஸ்பாலிங்.

ஸ்பால்னா கல்லுலேர்ந்து தெறிக்கிற சில்லு. 15-ஆம் நூற்றாண்டுலயே இங்கிலீஷ்ல இருக்கு, சுரங்கத்துல தாதுக்கல்லை உடைக்கிறதையும் இப்படித்தான் சொல்லுவாங்க, கான்கிரீட்டுக்கு வந்தது ரொம்ப பின்னாடி.

தமிழ்ல சிலர் "சிதறல்"னு எழுதுறாங்க, எனக்கு ஒத்துவரல, அது ஒளிச்சிதறல் மாதிரி எங்கயோ போகுது. "செதில் உதிர்தல்" பரவால்ல, ஆனா உறைபனியால மேல்தோல் மட்டும் உரியுற ஸ்கேலிங்னு வேற ஒண்ணு இருக்கு, அதுக்கு தான் அது பொருந்தும். நம்ம கொத்தனாருங்க "காரை பேந்துடுச்சு"ன்னு சொல்றது தான் கரெக்ட்டு. காரைன்னா முன்ன சுண்ணாம்புக் கலவை, இப்ப கான்கிரீட்டையே கற்காரைன்னு சொல்றோம், அதனால காரை பெயர்தல்.

ஏன் பேருதுன்னா, புது கான்கிரீட்டோட காரத்தன்மை பிஎச் 12-க்கு மேல இருக்கும், அது கம்பி மேல மெல்லிசா ஒரு படலம் போட்டு துருவ விடாது. பிரிட்டன்ல குளிர்காலத்துல ரோட்டுல உப்பு போடுவாங்க, அது கார் அடியில ஒட்டிக்கிட்டு உள்ள வந்து தளத்துல சொட்டும், அந்த குளோரைடு ஊறி இறங்கி படலத்தை உடைச்சிரும். துரு, இரும்பை விட ரெண்டு மடங்குக்கு மேல இடம் கேக்கும், அதான் உள்ளேர்ந்தே நெட்டித் தள்ளுது.

இதுல பெரிய தப்பு, பேந்த இடத்தை மட்டும் பூசிட்டுப் போறது. சுத்தியிருக்கிற பழைய கான்கிரீட்டுல உப்பு அப்படியே தான இருக்கு, கொஞ்ச வருஷத்துல ஒட்டுப்போட்ட ஓரத்துலயே மறுபடி துருவும். கம்பிக்குப் பின்னாடி வரைக்கும் வெட்டி எடுத்து, கம்பியை சுத்தம் பண்ணி, ஓரத்துல துத்தநாகக் கட்டி வச்சு, இரும்புக்குப் பதிலா அது அரிச்சுப்போற மாதிரி பண்ணணும், அப்புறம் ரிப்பேர் மார்ட்டர், கடைசியா தளத்துக்கு மேல வாட்டர்ப்ரூஃப் கோட்டிங். கான்கிரீட் கெட்டுப்போனா என்ன ஆகும்னு ஒரு உதாரணம்: இங்கிலாந்துல வுல்வர்ஹாம்டன் ஊர்ல 1965-ல கட்டின பைப்பர்ஸ் ரோ கார் பார்க்குல, 1997 மார்ச் 20 விடிகாலை 3 மணிக்கு மேல்தளத்துல 120 டன் அப்படியே இறங்கிடுச்சு, ஆளில்லாத நேரம், யாருக்கும் அடி இல்ல. கான்கிரீட் நைஞ்சு போய், தூண் தளத்தைக் குத்திக்கிட்டு வந்துருச்சு.

காரை பேர்றதுக்கு முன்னாடி உள்ளயே ஏடு ஏடா பிரிஞ்சு இடைவெளி விடும், வெளிய ஒண்ணும் தெரியாது, டீலாமினேஷன்னு சொல்லுவாங்க. சுத்தியலால தட்டிப் பாத்தா சத்தம் மாறும். இதுக்கு புதுசா சொல்லு தேடவே வேணாம், "பொக்கு"ன்னு ஏற்கனவே இருக்கு.