அல்ட்ரா: வெறியர் என்பது விளக்கமா, வசையா?

அண்மையில் எகிப்தியக் கால்பந்தைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றைத் தமிழ் எழுத்துரையுடன் பார்த்தேன். கோல்கம்பத்துக்குப் பின்னாலுள்ள படிவரிசையில், இரும்புத் தடுப்பின் மேல் ஏறி ஓர் இளைஞர் நிற்கிறார். கையில் ஒலிபெருக்கி இருக்கிறது. முகம் கூட்டத்தை நோக்கியும் முதுகு ஆட்டக்களத்தை நோக்கியும் இருக்கின்றன. அவர் ஓர் அடியை எடுத்துக்கொடுக்க, ஆயிரக்கணக்கானோர் அதை வாங்கிப் பாடுகிறார்கள். அவருக்குப் பின்னால் கோல் விழுகிறது. எதிரே கூட்டம் துள்ளுவதைக் கண்ட பிறகே அது அவருக்குத் தெரிகிறது. அந்தக் காட்சியின் அடியில் ஓடிய தமிழ் வரி: "வெறியர்களின் தலைவன்."

இந்த 'வெறியர்' எனக்குப் புதியவர் அல்லர். கால்பந்து அரங்கில் இப்படிக் குழுவாக நின்று தம் அணியை ஆதரிப்போரைக் குறிக்கும் 'அல்ட்ரா' என்ற சொல் செய்தியில் தலைகாட்டும்போதெல்லாம் 'கால்பந்து வெறியர்கள்' என்றோ 'அதிதீவிர ரசிகர்கள்' என்றோ மொழிபெயர்ப்பாளர்கள் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஒரு முறை 'தீவிரவாத ரசிகர்கள்' என்றே படிக்க நேர்ந்தது. 'தீவிர' என்பதோடு 'வாத' ஒட்டிக்கொண்டால் அந்த மனிதர் எந்தச் சட்டத்தின்கீழ் சிறைக்குப் போவார் என்று எழுதியவர் ஒரு நொடி நின்று எண்ணியிருக்க மாட்டார்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இலத்தீனில் 'அல்ட்ரா' என்றால் 'அப்பால்'. 1815க்குப் பிந்தைய பிரான்சில், மீண்டும் அரியணை ஏறிய பூர்போன் மரபை அரசரைக் காட்டிலும் கடுமையாக ஆதரித்த தரப்பினருக்கு 'அல்ட்ராக்கள்' என்று பெயர். அரசர் பதினெட்டாம் லூயி இறங்கிவந்த இடங்களில்கூட அவர்கள் இறங்கிவர மறுத்தார்கள். ஆக, கால்பந்துக்கு வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே இது ஓர் அரசியல் சொல். இத்தாலியில், மாணவர் போராட்டங்களும் ஆலை வேலைநிறுத்தங்களும் தெருக்களை நிறைத்திருந்த 1960களின் இறுதியில், தெருவில் கற்ற பதாகையும் முழக்கமும் மேளமும் ஆட்டரங்குக்குள் நுழைந்தன. 1968இல் மிலானில் தோன்றிய 'சிங்கக் குகை' என்ற குழுவும், 1969இல் ஜெனோவாவில் சாம்ப்தோரியா கால்பந்துக் கழகத்துக்காக எழுந்து, அக்கழகத்துக்கு ஆடிய அர்ஜென்டீனர் தீத்தோ குக்கியரோனியின் பெயரைச் சூட்டிக்கொண்ட குழுவும் இதன் முன்னோடிகள். அதற்கும் முன்பே, 1950இல், அவ்வாண்டு பிரேசிலில் நடந்த உலகக்கோப்பைக் கூட்டங்களைப் பார்த்து யூகோசுலாவியாவின் ஸ்பிளிட் நகரத்து இளைஞர்கள் 'தோர்சிடா' என்ற குழுவைத் தொடங்க, அங்கிருந்த பொதுவுடைமை அரசு அதை உடனே ஒடுக்கியது.

கால்பந்தின்மேல் உயிரை வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு மொழியும் ஓர் உருவகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிரேசிலியருக்கு அவர் 'முறுக்குபவர்'. ஆட்டம் முடியும்வரை கையில் இருக்கும் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தவர்களால் இப்பெயர் வந்ததாகக் கதை உண்டு. உருகுவாயிலும் அர்ஜென்டினாவிலும் வழங்கும் 'இன்ச்சா' என்ற சொல்லுக்கு 'ஊதுதல்' வேர். மான்டிவிடியோவின் நேசியோனால் கழகத்தில் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த ஒருவர், களத்தோரம் நின்று ஊரதிரக் கத்தியதால் அவரது தொழிற்பெயரே எல்லார்க்கும் ஆயிற்று என்பார்கள். இத்தாலியரின் 'டிஃபோசோ' டைஃபஸ் என்ற நச்சுக்காய்ச்சலிலிருந்து பிறந்தது. உலகக்கோப்பை வந்தாலே 'கால்பந்து ஜுரம்' என்று தலைப்பிடும் நம் நாளிதழ்கள் தம்மையறியாமல் இத்தாலிய மரபைக் காத்துவருகின்றன என்று வேண்டுமானால் ஆறுதல் கொள்ளலாம்.

நம்மிடம் இருப்பது 'ரசிகர்'. ரசம், அதாவது சுவை, சுவைப்பவர் ரசிகர். கச்சேரியில் தலையாட்டுபவருக்கும் திரைப்படத்துக்கு முதல் நாளே போய் நிற்பவருக்கும் ஒரே சொல் போதுமாக இருந்ததால், அரங்கில் நிற்பவருக்கும் அதையே கொடுத்துவிட்டோம். ஆனால் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் அந்த எகிப்திய இளைஞர் எதைச் சுவைக்கிறார்? தொண்ணூறு நிமிடத்தில் பத்து நிமிடமேனும் அவர் பந்தைப் பார்த்திருப்பாரா என்பது ஐயமே. அவரைப் போன்றோருக்கு ஆட்டம் நன்றாக இருந்ததா என்பது இரண்டாம் கேள்வி. அணி மட்டமாக ஆடி, கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்பட்ட பிறகும் அவர் அதே படியில்தான் நிற்பார். சுவை கெட்டதும் எழுந்துபோகும் உரிமை உள்ளவரே ரசிகர். இவருக்கு அந்த உரிமை இல்லை, அவர் அதைக் கேட்கவும் இல்லை.

தனித்தமிழ் அன்பர்கள் 'ரசிகர்' வடசொல் என்பதால் 'சுவைஞர்' என்பார்கள். வேர் மாறியதே ஒழியப் பொருள் மாறவில்லை. கலைச்சொல் ஆர்வலர்கள் கூடிய ஓர் உரையாடலில் ஒருவர் இதற்கும் ஒருபடி மேலே போய், மீயொலி, மீகடத்தி என்றெல்லாம் வழங்குவதுபோல அல்ட்ராவுக்கு 'மீச்சுவைஞர்' என்று முன்மொழிந்தார். ஒலியியலில் 'மீ' பொருந்துகிறது, ஏனெனில் அங்கே அதிர்வெண் என்ற ஓர் அளவுகோல் இருக்கிறது; காது கேட்கும் எல்லையைத் தாண்டினால் மீயொலி. மனிதரை அப்படி அளந்து, இத்தனை பாகைக்குமேல் கொதித்தால் அல்ட்ரா என்று கோடு கிழிக்க முடியாது. வீட்டில் தனியே அமர்ந்து, தோற்ற இரவுகளில் உறங்காமல் கிடக்கும் முதியவரின் கொதிப்பு யாருக்கும் குறைந்ததன்று. ஆயினும் அவர் அல்ட்ரா அல்லர். அல்ட்ராவாக இருப்பதற்கு ஒரு குழு வேண்டும், குழுவுக்கு ஒரு பெயரும் பதாகையும் வேண்டும், அரங்கில் அதற்கென்று ஓரிடம் வேண்டும். இத்தாலியில் அது பெரும்பாலும் கோல்கம்பத்துக்குப் பின்னாலுள்ள வளைவுதான். மொழிபெயர்ப்பாளர்கள் பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்: அல்ட்ரா என்பது உணர்ச்சியின் அளவைக் குறிப்பதாக எண்ணிக்கொள்கிறார்கள். அது ஓர் அமைப்பின் பெயர்.

இனி 'வெறியர்'. இச்சொல்லுக்காக வாதாடும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவர் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆங்கிலத்தின் 'ஃபேன்' என்பது 'ஃபனாட்டிக்' என்பதன் குறுக்கம் என்பதே பெரும்பாலோர் கொள்கை. அதன் இலத்தீன் வேர் 'ஃபானும்', அதாவது கோயில். தெய்வம் ஏறி ஆடியவருக்கு வழங்கிய சொல்தான் பந்தாட்டம்வரை வந்திருக்கிறது. நம்மிடமோ தொல்காப்பியமே "வெறியறி சிறப்பின் வெவ்வாய் வேலன்" என்கிறது. முருகு ஏறி ஆடும் வேலனின் ஆட்டம் வெறியாட்டு. இரண்டு மொழிகளிலும் தெய்வமேறிய ஆட்டம். இதைவிடப் பொருத்தமான இணைச்சொல் வேறு எந்த மொழிக்காவது வாய்க்குமா என்று அவர் கேட்கிறார். அழகாகத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொல்லின் இளமைக்காலத்தை வைத்து அதன் முதுமைக்குச் சான்றிதழ் வழங்க முடியாது. இன்று வெறி எங்கெல்லாம் வாழ்கிறது என்று பாருங்கள்: சாதிவெறி, மதவெறி, கொலைவெறி, குடிவெறி, வெறிநாய், வெறிச்செயல். 'வெறியர்' என்று படிக்கும் எவர் மனத்திலும் வேலன் வந்து நிற்பதில்லை. கையில் கட்டையோடு யாரோ ஒருவர்தான் வந்து நிற்கிறார்.

பழைய பொருளையே எடுத்துக்கொண்டாலும் பொருந்தாது என்பேன். வெறியாடும் வேலன் தன்னை மறந்தவன். அதுதான் வெறியாட்டின் இலக்கணம். அல்ட்ரா குழுவினரிடம் நாம் காண்பது நேர்மாறானது. படிவரிசை முழுவதையும் மூடும் ஓவியத்திரையை, இத்தாலியர் 'டிஃபோ' என்பதை, விரிப்பதற்கு முன் பல வாரங்கள் பணம் திரட்டித் துணி வாங்கித் தைத்து வண்ணம் தீட்டுகிறார்கள். எந்த இருக்கையில் எந்த நிற அட்டை இருக்கவேண்டும் என்று படம் வரைந்து வைக்கிறார்கள். அத்தனையும் ஆட்டம் தொடங்கும்முன் சில நிமிடங்கள் மட்டுமே விரிந்திருந்து சுருட்டப்படும். இவ்வளவு கணக்குப் பார்த்து வெறியாடியவர் யாரும் இலர்.

வெறி என்ற சொல் இன்னொன்றையும் மறைக்கிறது. வெறிக்குக் கொள்கை கிடையாது. அல்ட்ராக் குழுக்கள் பலவற்றுக்கு உண்டு, அது நமக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். இத்தாலியின் லிவோர்னோ வளைவு செங்கொடி பிடித்தது. ரோமின் லாட்சியோ வளைவில் பாசிச வணக்கம் வைத்தார்கள். இஸ்தான்புல்லின் பெஷிக்தாஷ் கழகத்துச் 'சார்ஷி' குழுவினர் 2013இல் கெசி பூங்காப் போராட்டத்தில் முன்வரிசையில் நின்றதற்காக, அரசைக் கவிழ்க்க முயன்றார்கள் என்று முப்பத்தைந்து பேர்மீது வழக்குப் போடப்பட்டு, 2015இல் விடுவிக்கப்பட்டார்கள். கெய்ரோவின் அல் அஹ்லி, சமாலிக் கழகங்களின் அல்ட்ராக்கள் ஒருவருக்கொருவர் பகைவர்கள். காவலரிடம் அடிவாங்கியும் அடிகொடுத்தும் பல ஆண்டுகள் பழகியிருந்த அவர்கள் 2011இல் அரசுக்கு எதிரான கிளர்ச்சி நடந்த தஹ்ரீர் சதுக்கத்தில் ஒரே பக்கம் நின்றார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரி 1 அன்று போர்ட் சயீது அரங்கில் நடந்த தாக்குதலிலும் நெரிசலிலும் 74 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் அல் அஹ்லி தரப்பினர். 2015இல் எகிப்திய நீதிமன்றம் அல்ட்ராக் குழுக்களையே தடைசெய்தது. வெறியர்களைத் தடைசெய்ய எந்த அரசும் மெனக்கெடுவதில்லை. அமைப்புகளைத்தான் தடைசெய்வார்கள்.

சொல்லில் என்ன இருக்கிறது, செய்தி புரிந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஷெஃபீல்டைத்தான் நினைவூட்டுவேன். 1980களின் இங்கிலாந்தில், அரங்குக்கு வருவோர் அனைவரையும் 'ஹூலிகன்', அதாவது அடிதடிக்காரர், என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்துப் பழகியிருந்தார்கள். அந்தச் சொல்லுக்கு வேலையே இல்லை என்று சொல்லமாட்டேன். 1985இல் பிரசல்ஸின் ஹெய்செல் அரங்கில் லிவர்பூல் தரப்பினர் பாய்ந்ததால் சுவர் சரிந்து 39 பேர் இறந்தார்கள். ஆனால் அந்தச் சொல்லை நம்பியே அரங்குகளில் கூட்டத்தைக் கம்பிவேலிக்குள் அடைத்தார்கள். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ அரங்கில், காவல்துறை திறந்துவிட்ட வாயில் வழியாக ஏற்கெனவே நிறைந்திருந்த கூண்டுகளுக்குள் மேலும் கூட்டம் புக, வேலியோடு நசுங்கியவர்களில் 97 பேர் உயிரிழந்தார்கள். அடுத்த சில நாள்களிலேயே குடிவெறியர்கள்தாம் காரணம் என்று செய்தி அச்சாயிற்று. அது பொய் என்றும், கூட்டத்தினர்மீது பழியில்லை என்றும் நீதி விசாரணையில் நடுவர் குழு முடிவு சொல்ல 2016 ஆயிற்று, இருபத்தேழு ஆண்டுகள். 2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் அரங்கில் காவலர்கள் கண்ணீர்ப்புகை வீச, வாயிலுக்கு ஓடியவர்கள் நெரிந்து 135 பேர் இறந்தபோதும், தமிழில் நான் முதலில் படித்தவை 'ரசிகர்கள் கலவரம்' என்ற வகைத் தலைப்புகளே. அரங்குக்குள் கண்ணீர்ப்புகை கூடாது என்று ஃபிஃபாவின் பாதுகாப்பு விதி இருப்பதெல்லாம் உள்ளே எங்கோ ஒரு பத்தியில் வந்தது.

ஆகவே நான் வழங்க விரும்பும் சொற்கள் இவை. ஆட்டம் பார்க்க வந்தவர் பார்வையாளர். ஆட்டத்தைச் சுவைக்கும் நடுநிலையாளருக்கு 'ரசிகர்' தாராளமாகப் பொருந்தும். அடிதடிக்கென்றே வருபவருக்குக் 'காலிகள்' என்ற நல்ல வசைச்சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 'ஹூலிகனை' அங்கே அனுப்பிவிடலாம். ஒரு கழகத்தோடு வாழ்நாள் முழுதும் கட்டுண்டவர் 'கழகப் பற்றாளர்'. மொழிப்பற்று, நாட்டுப்பற்று என்று நாம் சொல்லும்போது அந்தப் பற்றில் ஓர் உரிமைக்குரலும் ஒலிக்கிறது அல்லவா, அது இங்கும் தேவை. 2021 ஏப்ரலில் பன்னிரண்டு பணக்காரக் கழகங்கள் தமக்கென்று தனித் தொடர் அமைக்க முயன்றபோது, வீதியில் இறங்கி இரண்டே நாளில் ஆறு ஆங்கிலக் கழகங்களையும் பின்வாங்க வைத்ததில் பெரும்பங்கு இந்தப் பற்றாளர்களுடையது. ஜெர்மனியில் பெரும்பாலான கழகங்களின் வாக்குரிமையில் பாதிக்குமேல் உறுப்பினர்களிடமே இருக்கவேண்டும் என்பது விதி. சுவைஞருக்கு யாரும் வாக்குரிமை தருவதில்லை.

அல்ட்ராவுக்கு முதலில், அரங்கின் முனையில் நிற்பதை எண்ணி 'முனைப்பற்றாளர்' என்று எழுதிப் பார்த்தேன். எழுதி முடித்துப் படித்தபோதுதான் அது 'முனைப்பு அற்றாளர்' என்றும் பிரிவது கண்ணில் பட்டது. தாளைக் கிழித்துப் போட்டேன். பிறகு 'கொடிப்படை'. படையின் முன்னணியைக் குறிக்க அகராதிகள் தரும் பழஞ்சொல் அது. பதாகையை எதிரிக் குழுவிடம் பறிகொடுத்த குழு கலைந்துவிட வேண்டும் என்ற அல்ட்ராக்களின் எழுதாச் சட்டத்தைக் கேட்டால், பகைவர் முரசைக் கவர்ந்து காவல்மரத்தை வெட்டிய நம் பழம்பாடல் உலகம் அப்படியே கண்முன் நிற்கும். ஆனால் பெல்கிரேடின் ரெட் ஸ்டார் கழக வளைவிலிருந்து ஆள்திரட்டி, 1990இல் அர்க்கான் என்ற குற்றவாளி தன் துணைப்படையை அமைத்ததும், அப்படை பொஸ்னியாவிலும் குரோவேசியாவிலும் செய்த கொலைகளும் நினைவுக்கு வந்தபின், அந்தச் சொல்லைப் பொதுப்பெயராக வைக்க எனக்கு மனம் வரவில்லை. வளைவு ஒன்று உண்மையாகவே படையானபோது எழுதுவதற்கு அது தனியே இருக்கட்டும்.

எனவே 'கொடிக்குழு', அதில் இருப்பவர் கொடிக்குழுவினர். ஒரு கட்டுரையில் முதன்முறை வரும்போது 'அல்ட்ரா எனப்படும் கொடிக்குழு' என்று எழுதிவிட்டால் அயற்சொல்லும் கெடாது, படிப்பவரும் குழம்பமாட்டார். நண்பர் இதைக் கேட்டுவிட்டு, இதில் உயிர் இல்லை, வெறியில் இருந்த சூடு இல்லை என்றார். சூட்டைச் சொல்லவேண்டியது வாக்கியத்தின் வேலை. பெயர்ச்சொல்லின் தலையில் அதைக் கட்டவேண்டாம் என்றேன். அவர் இன்னும் இணங்கவில்லை.

முதுகைக் காட்டி நிற்கும் அந்த இளைஞருக்கும் ஒரு பெயர் வேண்டும். இத்தாலியர் 'காப்போ', தலைவர் என்பார்கள். அவரோ குழுவை ஆள்வதைவிட, அடியெடுத்துக் கொடுத்து, கூட்டத்தைப் பாடவைத்து, யார் வருகிறார் என்று உரக்கக் கூவி அறிவித்துக்கொண்டிருக்கிறார். அரசவையிலும் கூத்துமேடையிலும் அந்த வேலையைச் செய்தவரை நாம் கட்டியங்காரர் என்றோம். அந்த எழுத்துரையை என்னிடம் திருத்தக் கொடுத்திருந்தால், "வெறியர்களின் தலைவன்" என்பதை அடித்துவிட்டு, "கொடிக்குழுவின் கட்டியங்காரர்" என்று எழுதியிருப்பேன். வரி கொஞ்சம் நீண்டிருக்கும், ஆனால் அவர் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்பது திரையிலும் எழுத்திலும் ஒன்றாக இருந்திருக்கும்.