ப்ரோஷர் படத்தில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரு மர்ஃபி டவுனில் எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் தம்பி ஒருவர் ப்ரோஷரும் கையுமாக வந்து, "அண்ணா, ஹாலைப் பாருங்க, கிரிக்கெட்டே ஆடலாம் போல இருக்கு, நாளைக்கு அட்வான்ஸ் கட்டிரலாம்னு இருக்கேன்" என்றார். ஒயிட்ஃபீல்டைத் தாண்டி வரப்போகும் அடுக்குமாடி, இன்னும் அஸ்திவாரமே தோண்டவில்லை. கூட வந்த அவருடைய அம்மாவுக்கு, படத்தில் பால்கனிப் பக்கம் தொங்கிய ஊஞ்சல் மேல்தான் கண். அடுத்த பக்கத்தைப் புரட்டினேன், பிளானில் ஹால் 10 அடிக்கு 16 அடி என்று இருந்தது.

கட்டப்போகும் வீடு உள்ளே எப்படித் தெரியும் என்று பில்டர்களுக்கு இந்த மாதிரி வியூ, அதாவது படம், போட்டுக் கொடுப்பதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு. அதனால் ஆச்சரியம் வரவில்லை, கூச்சம்தான் வந்தது. "ஹால் இன்னும் கொஞ்சம் பெருசா தெரியட்டும் சார்" என்று கேட்காத பில்டர் அபூர்வம், நானும் அப்படியே செய்து கொடுத்துக் கூலி வாங்கியவன்தான். வேடிக்கை என்னவென்றால் அந்தப் படங்களில் பெரும்பாலும் தப்பான கோடு ஒன்றுகூட இருக்காது. பெர்ஸ்பெக்டிவ் கணக்கு, அதாவது தூரம் போகப் போகப் பொருள் எவ்வளவு சிறுத்துத் தெரியும் என்ற கணக்கு, சுத்தமாக இருக்கும். எந்த இடத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு செல்லும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவோம்.

இந்த வித்தையை முதலில் செய்து காட்டிய மனுஷன் அதைச் சொல்லிவிட்டுத்தான் செய்தார். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் ஃபிளாரன்ஸில் புரூனலெஸ்கி என்ற கட்டடக் கலைஞர், பேராலயத்தின் வாசலில் நின்றால் எதிரே தெரியும் ஞானஸ்நானக் கட்டடத்தை ஒரு முழத்துக்கும் குறைவான பலகையில் வரைந்தார். பலகையில் ஒரு சின்னத் துளை போட்டு, பார்ப்பவரைப் பலகைக்குப் பின்னால் நிற்க வைத்து, துளை வழியே முன்னால் பிடித்த கண்ணாடியில் படத்தின் பிம்பத்தைப் பார்க்கச் சொன்னார். வானம் வரவேண்டிய இடத்தில் மெருகேற்றிய வெள்ளி, அதில் நிஜ மேகமே ஓடும். அந்தப் பலகை இன்று இல்லை, அவர் வரலாற்றை எழுதிய மானெட்டி மூலம்தான் நமக்குத் தெரிகிறது. துளை எதற்கு? கண் அந்த ஒரே இடத்தை விட்டு அசையக் கூடாது, அவ்வளவுதான்.

அப்புறம் 1435இல் ஆல்பெர்ட்டி என்ற இத்தாலிய அறிஞர் இதையே ஓவியர்களுக்கான பாடமாக எழுதினார். அவர் தொடங்குவது தரையில். படத்தில் நிற்கும் ஆளின் உயரத்தை மூன்றாகப் பிரித்து, அந்த அளவில் கீழ்க்கோட்டைக் கூறு போட்டு, ஆள் உயரத்தைத் தாண்டாத ஒரு புள்ளிக்கு எல்லாக் கூறுகளிலிருந்தும் கோடு இழுத்து, தூரம் போகப் போக நெருங்கும் குறுக்குக் கோடுகளையும் போட்டால் கட்டம் கட்டமாகக் கற்பாவிய தரை வந்துவிடும். வரைந்தது சரியா என்று பார்க்க அவர் சொன்ன சோதனையை இன்றைக்கும் நான் ஜூனியர்களுக்குச் சொல்லித் தருகிறேன்: ஒரு கட்டத்தின் மூலைவிட்டத்தை நீட்டினால் அது அடுத்தடுத்த கட்டங்களின் மூலைகள் வழியாகவும் நேராகப் போக வேண்டும். நான் தொழில் பழகியது கம்ப்யூட்டர் வராத, டி-ஸ்கொயர் என்ற T வடிவ ஸ்கேல் வைத்துக் கையால் வரைந்த காலத்தில். கோடுகள் போய்ச் சேரும் புள்ளி பல நேரம் டேபிளுக்கே வெளியே போய்விடும், சுவரில் ஆணி அடித்து நூல் கட்டித்தான் இழுப்போம், வீட்டு ஓனரிடம் திட்டும் வாங்குவோம். லியனார்டோவின் 'கடைசி விருந்து' ஓவியத்தில் கிறிஸ்துவின் நெற்றிப்பொட்டருகே ஒரு ஆணித்துளை இருக்கிறது என்று படித்தபோது, அட நம்ம ஆளு என்று தோன்றியது.

ரோமில் புனித இக்னேஷியஸ் ஆலயத்தின் கூரையில் ஆந்திரேயா பொட்சோ 1694இல் முடித்த ஓவியமும் அப்படித்தான், தூண்கள் வானத்தைப் பிளந்துகொண்டு மேலே போகும், ஆனால் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் ஒரு வட்டக்கல் பதித்திருக்கிறார்கள். அதை விட்டு நாலு எட்டு நகர்ந்தால் தூண்களெல்லாம் சாய ஆரம்பித்துவிடும்.

நம் ஓவியர்களுக்கு இதெல்லாம் தெரியாது என்று சிலர் குறைத்துப் பேசுவார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கள் பாட்டி வீட்டுத் தஞ்சாவூர்ப் படத்தில் வெண்ணெய்க் கிருஷ்ணன் சட்டத்தை நிறைத்து உட்கார்ந்திருப்பான், பக்கத்தில் நிற்கும் பெண்கள் அவன் முழங்காலுக்கு வருவார்கள். கிருஷ்ணன் இருபது அடி உயரம் என்று எந்தப் பக்தராவது ஏமாந்திருப்பாரா? யார் முக்கியம் என்பதைத்தான் அந்த அளவு சொல்கிறது, ஓர் இடத்தில் நின்று பார்த்த காட்சி என்று அது சொல்லிக்கொள்ளவே இல்லை.

சரி, ப்ரோஷருக்கு வருவோம். ஃபுல் ஃபிரேம் (பழைய ஃபிலிம் ரோல் அளவு சென்சார் உள்ள) கேமராவில் 18 எம்.எம். லென்ஸ் போட்டால் இடவலமாக 90 டிகிரி அடங்கும், 50 எம்.எம். லென்ஸில் 40 டிகிரிதான். நாங்கள் சாஃப்ட்வேரில் அந்த அகலக் கோணத்தை வைத்து, அதுவும் போதாவிட்டால் பின்சுவரையே வெட்டிவிட்டு, பக்கத்து வீட்டு பெட்ரூமுக்குள் கேமராவை நிறுத்துவோம். 90 டிகிரி படத்தைச் சரியாகப் பார்க்கும் தூரம் அதன் அகலத்தில் பாதி. படம் ஏ4 தாளைப் படுக்கைவாக்கில் நிறைத்திருந்தால் கிட்டத்தட்ட 15 சென்டிமீட்டர். யார் அப்படி மூக்கை ஒட்டி வைத்துப் பார்ப்பார்கள்? 40 சென்டிமீட்டரில் வைத்துப் பார்க்கும்போது கணக்குப்படி அறையின் ஆழம் இரண்டரை மடங்குக்கு மேல் நீண்டுவிடுகிறது. தம்பியிடம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, படத்தின் நடுவுக்கு நேரே மற்றக் கண்ணைக் கிட்டக் கொண்டுபோகச் சொன்னேன். "அய்யோ, சுவர் முன்னாடி வருதுண்ணா!" புரூனலெஸ்கியின் துளை அங்கேதான் இருக்கிறது.

இன்னும் சில இடங்களைப் பார்க்கலாம். தரைக் கோடுகளை ஸ்கேல் வைத்து நீட்டுங்கள், அவை கூடும் புள்ளியின் உயரம்தான் கேமராவின் கண் உயரம். அது கதவுக் கைப்பிடி மட்டத்தில் வந்தால் படம் மண்டியிட்டுப் பார்க்கிறது என்று அர்த்தம், சீலிங் உயர்ந்து தெரிவது அதனால்தான். டைல்ஸ் இரண்டுக்கு இரண்டு அடி என்றால் 10 அடி அகலத்தில் ஐந்துதான் வர முடியும், எண்ணுங்கள். எண்ணிக்கை கூடினால் டைல்ஸைச் சிறிதாக்கியிருக்கிறார்கள். சோபாவையும் நைசாகச் சுருக்குவதுண்டு: மூன்று பேர் உட்காரும் சோபா ஏறக்குறைய 7 அடி, கதவு 3 அடி, ஒரே சுவரை ஒட்டி இரண்டும் இருந்தால் சோபா இரண்டு கதவு அகலத்தைத் தாண்ட வேண்டும்.

ஹாலில் ஆள் யாரையும் காட்டாததற்கும் காரணம் உண்டு. ரோமில் பலாஸ்ஸோ ஸ்பாடா என்ற மாளிகையில் பொரோமினி என்ற கட்டடக் கலைஞர் 1650களில் கட்டிய ஒரு தூண் வரிசை, நீளம் 9 மீட்டர்கூட இல்லை, பார்த்தால் 35 மீட்டர் போலத் தெரியும். தூண்கள் போகப் போகக் குட்டையாகும், தரை ஏறும், கூரை இறங்கும், கடைசியில் ஆளுயரம் மாதிரி நிற்கும் சிலை உண்மையில் 60 சென்டிமீட்டர். ஒருவர் உள்ளே நடந்து போனால் போதும், அவர் ராட்சசன் ஆகிவிடுவார், குட்டு உடைந்துவிடும்.

சட்டமும் கொஞ்சம் கைகொடுக்கும். வீடு வாங்குபவர்களைப் பாதுகாக்க வந்த 2016 ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, விளம்பரத்திலோ மாடல் ஃபிளாட்டிலோ இருந்த பொய்த் தகவலை நம்பி அட்வான்ஸ் கட்டி நஷ்டப்பட்டவர் இழப்பீடு கேட்கலாம். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவும் முடியாது. ஆனால் வழக்கு என்று போய் அலைவதற்கு முன்னால், பிளானில் இருக்கும் எண்களைப் படித்துவிடுவது மேல்.

அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் மொட்டை மாடியில் சாக்பீஸால் 10க்கு 16 கோடு போட்டோம். கதவு திறக்கும் இடத்தை ஒரு கால்வட்டமாக வரைந்து, சோபாவுக்குப் பதில் பிளாஸ்டிக் நாற்காலி மூன்று, டிவி ஸ்டாண்டுக்கு எங்கள் வீட்டு அரிசி டிரம். தம்பி அகலவாக்கில் நடந்து பார்த்தார், நாலு எட்டில் முடிந்தது. அவருடைய அம்மா பால்கனி மூலையில் போய் நின்று, கையை முன்னும் பின்னும் வீசிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, ஊஞ்சல் ஆடினா டிவியில இடிக்குமே" என்றார்.