பச்சை தெரியும் முன்பே படுக்கையைப் பாருங்கள்

சிப்பிக் காளான் படுக்கையில் (வைக்கோலும் காளான் விதையும் அடைத்த பையில்) பச்சைத் திட்டு தெரிகிறது என்றால், டிரைக்கோடெர்மா பூஞ்சை உள்ளே புகுந்து பல நாள் ஆகிவிட்டது. அதுவும் முதலில் வெள்ளையாகத்தான் வளரும். வித்துத்தூள் உண்டான பிறகே பச்சையாகும். அதற்குள் பையைத் தட்டினாலே தூள் பறந்து பக்கத்துப் பைகளுக்குப் போய்விடும். எனவே விதை (காளான் இழை வளர்ந்த தானியம்) போட்ட 3-ஆம் நாளிலிருந்து தினமும் டார்ச் அடித்துப் பார்ப்பது அவசியம்.

நல்ல படுக்கையில் ஒவ்வொரு விதை மணியிலிருந்தும் வெள்ளை இழை கிளம்பி, வைக்கோலைப் பற்றிக்கொண்டு பரவும். விதையோடு தொடர்பே இல்லாத இடத்தில் மெல்லிய பஞ்சு போல வெள்ளை படர்ந்தாலோ, காளான் இழை ஓரிடத்தில் கோடு போட்டது போல நின்றுவிட்டாலோ, புளித்த வாடை அடித்தாலோ அந்தப் பையை அன்றே தனியே வையுங்கள்.

திட்டு எங்கே இருக்கிறது என்பதை அவசியம் கவனியுங்கள். காரணம் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். விதை மணிகளைச் சுற்றியே பச்சை வந்தால் விதைப் பையில்தான் கோளாறு. துளைகளின் ஓரத்தில் என்றால் ஈ, கை, காற்று. அடியில் மட்டும் என்றால் ஈரம் அதிகம். வைக்கோலைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக்கூடாது, உள்ளங்கை நனைந்தால் போதும் (சுமார் 65% ஈரப்பதம்). பை முழுக்க ஆங்காங்கே வந்தால் வைக்கோல் சரியாக வேகவில்லை.

அதிகம் நடக்கும் தவறு இந்த வைக்கோல் வேகவைப்பதில்தான். 80 டிகிரி வெந்நீரில் 1 மணி நேரம் என்று கணக்கு வைத்திருப்பார்கள். ஆனால் வெப்பமானி தண்ணீரில் இருக்கும், இறுக்கிக் கட்டிய மூட்டையின் நடுப்பகுதி சூடேறியிருக்காது. நடு வைக்கோல் அந்தச் சூட்டை எட்டிய பிறகே நேரத்தைக் கணக்கிடுங்கள். வெந்த வைக்கோலை, வேகாத வைக்கோல் நறுக்கிய தரையிலேயே ஆறப்போட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

வயலுக்கு டிரைக்கோடெர்மா விரிடி பயன்படுத்தும் விவசாயிகள் இன்னும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். பயிருக்கு நன்மை செய்யும் அதே வகைப் பூஞ்சை இங்கே எதிரி. அந்தப் பொட்டலத்தைக் காளான் வளர்க்கும் குடிலுக்கு அருகில் வைக்காதீர்கள். அதைத் தொட்ட அன்று குளித்து, உடை மாற்றிய பிறகே விதை போடும் அறைக்குள் போங்கள்.

பாதித்த பையைக் குடிலுக்குள் பிரிக்கவே கூடாது. மின்விசிறியை நிறுத்தி, ஈரத்துணியால் மூடி, இன்னொரு பைக்குள் போட்டுக் கட்டி வெளியே கொண்டுபோய்ப் புதைத்துவிடுங்கள். கொஞ்சம்தானே என்று திட்டை மட்டும் வெட்டி எடுத்தால், வெட்டும்போதே தூள் பறக்கும். தினசரிப் பார்வையைப் புதிய படுக்கைகளில் தொடங்கிப் பழையவற்றில் முடியுங்கள். பழைய அறையிலிருந்து திரும்பப் புதிய அறைக்கு அன்று போகவேண்டாம்.

ஒவ்வொரு பையிலும் விதை போட்ட தேதியையும் விதை வாங்கிய தொகுதி எண்ணையும் மார்க்கரால் எழுதுங்கள். ஒரே தொகுதிப் பைகளில் மட்டும் திட்டு வந்தால், மீதமுள்ள அந்த விதையைப் பயன்படுத்தாமல் விற்றவரிடம் உடனே சொல்லுங்கள்.