குழந்தைக்கு நியூரோபிளாஸ்டோமா ஆபரேஷனா? காப்பீட்டு வேலையைக் கீமோ நடக்கும்போதே தொடங்குங்கள்

குழந்தைக்கு நியூரோபிளாஸ்டோமா என்று டாக்டர் சொன்னதும், வீட்டில் யாராவது ஒருவர் ரேஷன் அட்டையை எடுத்து அதில் குழந்தையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நரம்பு செல்களில் தொடங்கும் இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருவது. அந்த வயதுக் குழந்தையின் பெயரைப் பல வீடுகளில் இன்னும் அட்டையில் சேர்த்திருக்க மாட்டார்கள். அந்தப் பெயர் இல்லாமல் தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைக்கு இடம் கிடைக்காது.

திட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, திட்டத்தில் சேர்ந்துள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் நாம் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம்.

இந்த நோயில் ஆபரேஷன் எப்போது வரும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கட்டி பெரும்பாலும் சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரினல் சுரப்பியில் தொடங்கும். ஓரிடத்தில் மட்டும், பெரிய ரத்தக் குழாய்களைச் சுற்றாமல் இருந்தால் உடனே ஆபரேஷன் செய்வார்கள்; பல குழந்தைகளுக்கு அதோடு சிகிச்சையே முடிந்துவிடும். ஆனால் ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்குக் கண்டுபிடிக்கும்போதே எலும்பு, எலும்பு மஜ்ஜை போன்ற இடங்களுக்குப் பரவியிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் பயாப்சி (கட்டியில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது), பிறகு நான்கைந்து சுற்று கீமோ (புற்றுநோயை அழிக்கும் மருந்து), கட்டி சுருங்கியதும் ஆபரேஷன், அதற்குப் பிறகு அதிக டோஸ் கீமோவோடு, அதில் பாதிக்கப்படும் மஜ்ஜையை மீட்கும் ஸ்டெம் செல் சிகிச்சை, கதிர்வீச்சு என்று போகும். கீமோ முடிந்து ரத்த அணுக்கள் ஏறியதும் கிடைக்கிற சில வாரங்கள்தான் ஆபரேஷனுக்கு உரிய நேரம். அப்போது போய் தாலுகா ஆபீஸில் நிற்கக் கூடாது.

நிற்க வைக்கிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன். கல்யாணமாகி மூன்று நான்கு வருடமாகியும் கணவன் பெயர் அவர் அப்பா அட்டையிலும், மனைவி பெயர் அவர் அம்மா வீட்டு அட்டையிலும் இருக்கும். குழந்தை எந்த அட்டையிலும் இருக்காது. புது அட்டை கேட்டால், இரண்டு இடத்திலும் பெயரை நீக்கிவிட்டு வாருங்கள் என்பார்கள். அதற்கு விண்ணப்பம், அது ஏற்கப்படும் வரை காத்திருப்பு, அப்புறம் புது அட்டைக்கு இன்னொரு காத்திருப்பு. தாத்தாவின் அட்டையிலேயே குழந்தையைச் சேர்ப்பது சீக்கிரம் முடியலாம். ஆனால் தாத்தாவுக்குப் பென்ஷன் வந்தால் வருமானச் சான்றில் அதையும் கூட்டி, வரம்பைத் தாண்டிவிட்டது என்று சொல்லக்கூடும். எந்த வழி சரிவரும் என்பதைக் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்தில் முதலில் கேட்டுவிட்டு, அதன் பிறகு விண்ணப்பியுங்கள்.

வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்ததும் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் ஆபீஸ் என்று மனு ஒவ்வொரு மேசையாக நகர வேண்டும். ஆன்லைனில் போட்டாச்சே என்று நீங்கள் வீட்டில் இருக்க, அது முதல் மேசையிலேயே கிடக்கும். பயாப்சி ரிப்போர்ட் நகலோடு வி.ஏ.ஓ.வை நேரில் பாருங்கள். விண்ணப்பத்தில் வருமானத்தைத் தோராயமாக எழுதாதீர்கள். கூடுதலாக எழுதிவிட்டால் திருத்துவதற்கு மறுபடி அதே அலைச்சல்.

"எங்களிடம் பழைய காப்பீட்டு அட்டை இருக்கிறது" என்று நம்பி இருப்பவர்களும் உண்டு. அதை எடுத்த பிறகு பிறந்த குழந்தை அந்தப் பதிவில் தானாக ஏறாது. பிறப்புச் சான்றும் குழந்தையின் ஆதாரும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே ஆதாருக்குக் குழந்தையின் கைரேகை தேவையில்லை, பிறப்புச் சான்றோடு பெற்றோரில் ஒருவரின் ஆதாரும் வேண்டும். குழந்தையின் கைரேகை பதியவில்லை என்று யாராவது திருப்பி அனுப்பினால் ஏற்காதீர்கள்.

மருத்துவமனைக்குள் வேறு விதமான அலைச்சல். "இங்கே காப்பீடு உண்டு" என்று வாசலில் போர்டு இருக்கும். அந்த மருத்துவமனை கண் சிகிச்சைக்கோ எலும்பு முறிவுக்கோ மட்டும் திட்டத்தில் சேர்ந்திருக்கலாம். குழந்தைப் புற்றுநோய் ஆபரேஷனுக்கு ஒப்புதல் வருமா என்று காப்பீட்டு கவுன்டரில் நேராகக் கேளுங்கள். சென்னையில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை போன்ற இடத்தில் கீமோவும் ஆபரேஷனும் ஒரே வளாகத்தில் நடக்கும். ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைய வேண்டாம்.

கீமோவுக்கு வந்த ஒப்புதல் ஆபரேஷனுக்குச் செல்லாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக முன் அனுமதி வாங்க வேண்டும். நான் பார்த்த ஒரு ஃபைலில், ஆபரேஷனுக்கான விண்ணப்பத்தோடு கீமோவுக்கு முந்தைய சி.டி. ஸ்கேனை இணைத்து அனுப்பியிருந்தார்கள். கீமோவுக்குப் பிந்தைய ஸ்கேன் எங்கே என்று காப்பீட்டுத் தரப்பிலிருந்து க்வெரி, அதாவது விளக்கக் கேள்வி, வந்தது. அந்த ஸ்கேன் எடுத்து வார்டில் கேஸ் ஷீட்டுக்குள்ளேயே இருந்தது. க்வெரி வந்திருப்பதைப் பெற்றோரிடம் யாருமே சொல்லவில்லை. அவர்களாகப் போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது. கவுன்டரில் தினமும் கேளுங்கள்: "அனுப்பிவிட்டீர்களா? க்வெரி ஏதாவது வந்திருக்கிறதா?" மூன்றாவது சுற்று கீமோ நடக்கும்போதே அட்டை, சான்று எல்லாம் கையில் இருந்தால், ஸ்கேன் வந்த அன்றே விண்ணப்பத்தை அனுப்பிவிடலாம்.

"இப்போது அட்வான்ஸ் கட்டுங்கள், ஒப்புதல் வந்ததும் திருப்பித் தருகிறோம்" என்று சொன்னால் கட்டாதீர்கள். இது பணமில்லாச் சிகிச்சைத் திட்டம். நீங்கள் கட்டியதற்கு பில்லைக் காட்டித் திரும்ப வாங்குவது நடக்காத காரியம். பணம் கேட்டால் அங்கே நின்றபடியே 1800 425 3993 என்ற இலவச எண்ணை அழையுங்கள். அதிலும் தீராவிட்டால், மாவட்டக் கலெக்டர் தலைமையில் குறைதீர் குழு இருக்கிறது. எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள்.

அந்த 5 லட்சம் குடும்பம் முழுவதற்கும் பொதுவானது. அதே அட்டையில் இருக்கும் தாத்தாவுக்கு அந்த ஆண்டில் இருதய ஆபரேஷன் நடந்திருந்தால் குழந்தைக்கு மிச்சம் எவ்வளவு என்று முன்பே கேளுங்கள். ஆபரேஷன் முடிந்ததும் ஸ்டெம் செல் சிகிச்சைக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே டாக்டரிடம் தேதி கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பயாப்சி ரிப்போர்ட், ஆபரேஷன் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றுக்கும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஒப்புதலுக்கும் இவற்றைத்தான் கேட்பார்கள்.