லாரி வரும் முன்னால் துப்பாக்கி லைசென்ஸ் புத்தகத்தைத் திறந்து பாருங்கள்

போன வருஷம் ஒரு சாயங்காலம். அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் பாளையங்கோட்டையில் இருக்கும் என் அலுவலகத்துக்கு வந்தார். மனைவி தவறிவிட்டார், பெங்களூரில் இருக்கும் மகன் வீட்டோடு போய்விடுவதென்று முடிவு செய்திருந்தார். "தம்பி, நாளைக்குக் காலையில லாரி வருது. அப்பா காலத்துத் துப்பாக்கி ஒண்ணு என் பேர்ல இருக்கு. வீட்டுச் சாமானோட சாமானா ஏத்திரலாம்லா?" என்று கேட்டார். பத்தமடைப் பாய்க்குள் வைத்துச் சுருட்டி, கயிறும் கட்டிவிட்டாராம்.

"ஐயா, முதல்ல அந்தப் பாயைப் பிரிங்க" என்றேன்.

இருபது வருஷமாக இங்கே வக்கீல் தொழில் செய்கிறேன். ஆயுதச் சட்ட வழக்குகளில் என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் யாருக்கும் கெடுதல் நினைக்காதவர்கள். தோட்டக்காரர்கள், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வங்கிக் காவலுக்குப் போனவர்கள், அப்பாவின் துப்பாக்கியைப் பாசத்தோடு பாதுகாத்த பிள்ளைகள். அவர்கள் செய்த தப்பு ஒன்றுதான்: காகிதம் நகரும் முன்னால் துப்பாக்கியை நகர்த்தியது.

லைசென்ஸ் என்பது ஆளுக்குக் கொடுத்தது, ஆள் எங்கே போனாலும் கூடவே வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அது ஒரு ஆளையும், ஒரு விலாசத்தையும், ஒரு எல்லையையும் சேர்த்துக் கட்டியது. புத்தகத்தில் உரிமம் செல்லுபடியாகும் பகுதி என்று ஒரு இடம் இருக்கும். சிலருக்கு மாவட்டம், சிலருக்குத் தமிழ்நாடு முழுக்க, சிலருக்கு இந்தியா முழுக்க என்று எழுதியிருக்கும். அந்த ஒரு வரியைப் படிக்காமல் கேரள எல்லையில் இருக்கும் புளியரையைத் தாண்டாதீர்கள். புத்தகத்தில் எழுதியிருக்கும் எல்லைக்கு அந்தப் பக்கம் உங்கள் லைசென்ஸ் வெறும் காகிதம். அங்கே பிடிபட்டால், உரிமமே இல்லாமல் வைத்திருந்ததாகத்தான் பெரும்பாலும் வழக்குப் பதிவார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு 1959ஆம் வருஷ ஆயுதச் சட்டத்தின் 25(1பி) பிரிவில் குறைந்தபட்சத் தண்டனையே 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம். களக்காட்டுப் பக்கத்து முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் கொல்லத்தில் காவல் வேலை கிடைத்த சந்தோஷத்தில், தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லும் லைசென்ஸோடு பஸ் ஏறிவிட்டார். மலைக்கு அந்தப் பக்கம் நடந்த சோதனையில் அவரே புத்தகத்தை எடுத்து நீட்டியிருக்கிறார், எல்லாம் சரியாக இருக்கிறது என்ற நம்பிக்கையில். வேலை போனது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் விடியற்காலையில் எழுந்து ரயிலேறிப் போய் வந்தார். அந்த மனுஷன் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

சரி, முறையாக எப்படிப் போவது? எல்லை போதாது என்றால், லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்தில் எல்லையை விரிவாக்கக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். நம் ஊர்க்காரர்கள் பலருக்கு அது கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகம். 2019இல் தென்காசி தனி மாவட்டம் ஆன பிறகு, பழைய திருநெல்வேலி லைசென்ஸோடு தென்காசி, கடையநல்லூர் பக்கம் இருப்பவர்கள் தங்கள் கோப்பு இப்போது எங்கே இருக்கிறது என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். அனுமதி கையில் வந்து, துப்பாக்கியோடு குடிபெயர்ந்ததும் 30 நாளைக்குள் இரண்டு இடத்துக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்: லைசென்ஸ் கொடுத்த அதிகாரிக்கும், புது ஊரில் லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரிக்கும். பெங்களூரில் அது போலீஸ் கமிஷனர் அலுவலகம். அங்கே புத்தகத்தில் புது விலாசம் ஏற வேண்டும். வாயால் சொன்னேன், தலையாட்டினார்கள் என்பதெல்லாம் கோர்ட்டில் நிற்காது. நகலில் சீல் வாங்குங்கள்.

பெரியவர் விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் காலையில் அவர் வீட்டுக்கே போனேன். திண்ணையில் பாயைப் பிரித்து, ரெட்டைக் குழலை மடக்கி, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்த பிறகு, இரும்பில் வெட்டியிருந்த எண்ணை டார்ச் அடித்துப் படித்தோம். கடைசி எண் 6. புத்தகத்தில் 0 என்று இருந்தது. எப்போதோ புதுப்பிக்கும்போது யாரோ மை மங்கியதைப் பார்த்து எழுதியது. இத்தனை வருஷமாக ஒருவரும் கவனிக்கவில்லை. பெட்டியில் தோட்டா 14. புத்தகக் கணக்குப்படி 10. நல்லவேளை, பழைய கடை ரசீது ஒரு டிரங்குப் பெட்டியில் இருந்தது. இதே வித்தியாசத்தை ஓசூர் தாண்டி ஒரு சோதனையில் கண்டுபிடித்திருந்தால், அது வேறு துப்பாக்கி இல்லை என்று நிரூபிக்கும் வேலை அவர் தலையில் விழுந்திருக்கும். எண், தோட்டாக் கணக்கு, காலாவதித் தேதி, ஆயுத உரிமங்களுக்கான தேசியத் தரவுத்தளத்தில் தரும் தனித்துவ எண், இந்த நாலையும் சொந்த ஊரில் இருக்கும்போதே சரிபாருங்கள். ஊரில் அது ஒரு திருத்தம். வெளியூரில் வழக்கு.

லாரியில் ஏற்றக் கூடாது என்றதற்கும் காரணம் உண்டு. சொந்தக்காரர் உடன் இல்லாமல் துப்பாக்கி இன்னொருவர் வசம் போனால், லைசென்ஸ் இல்லாத அந்த டிரைவரும் மாட்டுவார். பழுது பார்க்க, புதுப்பிக்க என்று சட்டம் விட்டிருக்கும் விதிவிலக்கு மிகவும் குறுகியது. குடிபெயர்வது அதில் வராது. நீங்களே கூட இருந்து, குண்டில்லாமல் உறையில் போட்டு, தோட்டாவைத் தனியாக வைத்து, அசல் புத்தகத்தோடு போக வேண்டும். விமானத்தில் என்றால் முன்கூட்டியே அறிவித்து, சரக்குப் பெட்டியில்தான். கைப்பையில் ஒரு தோட்டா கிடந்தால்கூட அன்றைக்குப் பயணம் கிடையாது.

வழியையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். இதை யாரும் சொல்வதில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 31படி சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய எழுத்து மூலமான அனுமதி வேண்டும். மைசூருக்குப் போகிறவர்கள் திம்பம் வழியிலோ முதுமலை, பந்திப்பூர் வழியிலோ போனால் புலிகள் காப்பகத்துக்குள் போகிறார்கள். வீட்டுச் சாமானோடு போகிறேன் என்று சொன்னாலும் வனத்துறை கேள்வி கேட்கும். கிருஷ்ணகிரி, ஓசூர் சுற்றிப் போங்கள். டீசல் செலவு கூடினால் கூடட்டும்.

பாபநாசம், கடையம், களக்காடு மலையடிவாரத்தில் பன்றி விரட்ட என்று பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த உரிமத்தின் உயிர் உங்கள் வயலில் இருக்கிறது. நிலத்தை விற்றுவிட்டு மகளோடு மும்பைக்குப் போகிறவர் அந்தத் துப்பாக்கியைக் கூட்டிக்கொண்டு போக நினைக்கவே வேண்டாம். அப்புறம், ராணுவத்தில் இருந்தபோது ஜம்மு காஷ்மீரில் லைசென்ஸ் வாங்கி வந்த தம்பிகள் நம் பக்கம் நிறைய. அங்கே 2012 முதல் 2016 வரை கொடுத்த உரிமங்களில் முறைகேடு என்று சி.பி.ஐ. விசாரித்தது. உங்களுடையது நேர்மையாக வாங்கியதாக இருந்தாலும், வேறு மாநிலத்துக்கு மாற்றும்போது சரிபார்க்க நாளாகும். மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

வயதானவர்கள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போகத்தான் வேண்டுமா என்றும் யோசிக்கலாம். 70 வயது ஆனவரோ, 25 வருஷம் வைத்திருந்தவரோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசு பேருக்கு மாற்றிக் கொடுக்க 2016 ஆயுத விதிகளில் வழி இருக்கிறது. வாரிசு தகுதியோடு தன் பேரில் லைசென்ஸ் வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்ததையும் நினைவில் வையுங்கள். பரம்பரைச் சொத்துக்கும் அதே கணக்குதான்.

காகிதம் முடியும் வரை துப்பாக்கியை என்ன செய்வது? பூட்டிய வீட்டில் விட்டுப் போகாதீர்கள். பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கலாம். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் வைத்துப் பழகியவர்கள்தானே நாம்.

பெரியவரும் அப்படித்தான் செய்தார். லாரி புறப்பட்டது, துப்பாக்கி கடையில் தங்கியது. எண் திருத்தம், எல்லை விரிவாக்கம் எல்லாம் முடிய ஏழு மாதம் ஆனது. தை மாதம் மகனோடு வந்து, கடையில் ரசீதைக் கொடுத்து, டார்ச்சை அடித்து எண்ணை ஒரு தடவை அவரே படித்துப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.